பெரிய மரமுள்ள வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்களா?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய வீடு வாங்கி வருகிறவர்களுக்கு வீட்டோடு ஒரு மரமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. வாசலில் வேம்பு, பின்னாடி ஒரு மா, கிணற்று மேட்டில் ரெண்டு தென்னை. நட்டவர் யாரென்று தெரியாது, எத்தனை வருசத்து மரம் என்றும் தெரியாது. குடிவந்த முதல் ஆடியில் காற்று வீசும்போது ராத்திரி தூக்கம் போய்விடும். மறுநாள் காலையில் எனக்கு போன் வரும்: "ஏனுங்க, இந்த வேப்பமரத்த வெட்டிப்போடலாமுங்களா, இல்ல உட்டுடலாமுங்களா?"

வெட்டாமலும் கைகழுவாமலும் அதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அது கஷ்டமான வேலை இல்லை, பெரிய செலவும் இல்லை. ஆனால் கன்றுக்குச் செய்வதை எல்லாம் வயதான மரத்துக்குச் செய்யக் கூடாது. செய்ய வேண்டியதில் முக்கால் பங்கு மண்ணில் இருக்கிறது. அரிவாளோடு மேலே ஏறுவது கடைசி வேலை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் நல்ல மரங்கள் போகின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மர வளர்ப்பு பற்றி நாம் கேள்விப்படும் பல யோசனைகள் கடற்கரை ஊர்களுக்குப் பொருந்துபவை. அங்கே காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும், உப்பு இருக்கும், பயம் புயலைப் பற்றியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டது. நம் பக்கம் கதையே வேறு. கோவையில் வருசத்துக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான் சராசரி, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட காற்று விடாமல் அடிக்கும். நம் மரங்கள் ஒரே நாளில் சாய்கிறவை அல்ல. பல வருசம் தாகத்தில் இளைத்து, பிறகு ஒரு காற்றில் விழுகிறவை.

முதல் வேலை: பார்ப்பது

குடிவந்த உடனே எதையும் வெட்ட வேண்டாம். ஒரு வருசம் மரத்தைக் கவனியுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பன்னிரண்டு படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது மரத்தின் பழக்கம் தெரிந்துவிடும்.

வேம்பு மாசியில் இலை உதிர்க்கும், பங்குனியில் செம்பழுப்பாகத் துளிர்க்கும், சித்திரைப் பிறப்புக்குப் பச்சடி வைக்கப் பூ தரும். இந்த வரிசை தெரியாதவர்கள் மாசியில் மரம் பட்டுப்போனது என்று பதறி ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். இலை உதிர்வது நோய் இல்லை. துளிர்க்க வேண்டிய மாதத்தில் ஒரு பக்கக் கிளைகள் மட்டும் மொட்டையாகவே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்து தண்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். பழைய வீட்டு மரங்களில் கட்டாயம் கம்பி இருக்கும். துணி காயப்போடக் கட்டியது, மாட்டைக் கட்டியது, கோயில் நோம்பிக்குச் சீரியல் விளக்குப் போட்டது. கம்பி பட்டைக்குள் இறங்கி, அதன் மேல்பக்கம் உப்பிக்கொண்டு நிற்கும். இலையில் உண்டாகும் சத்து பட்டையின் உள்பக்கமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கம்பி அந்த வழியை இறுக்கிவிடும். வெளியே தெரியும் கம்பியைக் கட்டிங் பிளேயரால் துண்டாக்கி எடுங்கள். உள்ளே புதைந்துபோனதைத் தோண்டி எடுக்க வேண்டாம், அந்தக் காயம் கம்பியைவிட மோசம். ரெண்டு பக்கமும் நறுக்கிவிட்டால் இறுக்கம் போய்விடும்.

ஒரு வருசம் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. போன மாதம் நேராக நின்ற மரம் இந்த மாதம் சாய்ந்திருப்பது, அடிமரத்தைச் சுற்றி மண் ஒரு பக்கம் மேலெழும்பிப் பிளந்திருப்பது, பெரிய கவையில் நீளமாக விரிசல் விட்டிருப்பது, தண்டின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருப்பது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள், வண்டியை அடியில் நிறுத்தாதீர்கள், விவரம் தெரிந்தவரை அன்றைக்கே வரவழையுங்கள்.

மரத்தின் கால் தெரிகிறதா?

நல்ல மரம் மண்ணில் கம்பம் நட்டது போல நிற்காது. அடியில் யானைக்கால் மாதிரி விரிந்து, வேர்கள் நாலா பக்கமும் இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உங்கள் மரம் நேராகக் குழாய் போல மண்ணுக்குள் போகிறது என்றால், யாரோ எப்போதோ அதன் மேல் மண் கொட்டியிருக்கிறார்கள். ரோடு உயர்ந்தது என்று வாசலை உயர்த்தும்போது நடக்கும் தவறு இது. அந்த வீட்டுக்காரருக்கு அது தவறு என்றே தெரிந்திருக்காது.

அவினாசிப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு மாமரம் இருந்தது. மூன்று வருசமாகக் காய்ப்பு இல்லை, உச்சியில் கிளைகள் காய்ந்துகொண்டே வந்தன. உரம் வைத்தார்கள், மருந்து அடித்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. நானும் அந்த வீட்டுத் தம்பியும் உட்கார்ந்து கொத்துக் கரண்டியால் அடிமண்ணை மெல்ல எடுத்தோம். ஒரு சாண் வரைக்கும் சல்லியும் சிமெண்டுத் துண்டுமாக வந்தது. அதற்குக் கீழே பட்டை ஈரத்தில் ஊறிக் கருத்துப்போய், விரலால் அழுத்தினால் கடற்பஞ்சு போல அமுங்கியது. புளித்த வாடை. முழங்கை ஆழம் போனபோதுதான் வேர் விரியும் இடம் வந்தது. அங்கே தண்டை ஒட்டி, பாம்பு சுற்றியது போல ஒரு வேர் தண்டையே நெருக்கிக்கொண்டு கிடந்தது. அந்த வீட்டு ஆத்தா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "அதுக்கு மூச்சு முட்டியிருக்குது கண்ணு. நாங்கதான் புரியாம இருந்துட்டோம்" என்றார்.

ஆத்தா சொன்னதுதான் விசயம். தண்டின் பட்டை காற்றில் இருக்கப் பிறந்தது, மண்ணுக்குள் இருக்கப் பிறந்தது அல்ல. சுற்றியிருந்த வேர் கட்டைவிரல் கனம்தான் இருந்தது, அதை ரெண்டு இடத்தில் நறுக்கி எடுத்தோம். கை கனத்துக்கு மேல் இருந்தால் நாமாகத் தொடக் கூடாது. தண்டைச் சுற்றி ரெண்டடி அகலத்துக்கு மண்ணை எடுத்து, மழைத்தண்ணீர் அங்கே தேங்காமல் ஒரு பக்கம் வழிவாய்க்கால் விட்டோம். ரெண்டாம் வருசம் உச்சியில் புதுத் தளிர் வந்தது. காய்ந்த கிளைகள் காய்ந்தவைதான், அவை திரும்பவில்லை.

இந்த வேலைக்கு மம்முட்டி வேண்டாம். கொத்துக் கரண்டி, பழைய பிரஷ், கை. அவசரப்பட்டால் பட்டையைக் காயப்படுத்திவிடுவீர்கள்.

வேர் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே ஊற்றுவது

தண்டின் அடியில் வட்டப்பாத்தி கட்டிக் குடம் குடமாக ஊற்றுகிறார்கள். கன்றுக்கு அது சரி. பெரிய மரத்தில் தண்டின் பக்கத்தில் இருப்பவை மரத்தைத் தாங்கும் பருவேர்கள். தண்ணீர் குடிக்கும் மெல்லிய வேர்கள் தள்ளி இருக்கின்றன. உச்சி வெயிலில் மரத்தின் நிழல் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்திலும், அதற்கு வெளியிலும். ஆழத்திலும் அவை இல்லை. பெரும்பாலும் மேல்மண்ணின் ஒன்றரை, ரெண்டு அடிக்குள்தான். ஆணிவேர் பாதாளம் வரைக்கும் போய்த் தானாகத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையால் நம் பக்கம் தாகத்தில் செத்த மரங்கள் நிறைய.

அதனால் மத்தியான நிழலின் ஓரத்தில் சாக்பீஸாலோ கோலமாவாலோ ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தண்ணீர், எரு, மூடாக்கு (மண்ணுக்கு மேல் பரப்பும் இலைப் போர்வை) எல்லாம் அந்த வட்டத்தைச் சுற்றித்தான்.

தை முதல் வைகாசி வரைக்கும் மழை இல்லாத காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆழமாக நனைத்தால் போதும். தினமும் வாளித் தண்ணீர் தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து, வேரையும் மேலேயே வரவைத்துவிடும். எனக்குப் பிடித்த வழி பழைய 20 லிட்டர் கேன்கள். அடியில் ஊசித் துளை போட்டு, வட்டத்தின் மேல் பத்துப் பன்னிரண்டு கேன்களை வரிசையாக வைத்து நிரப்பிவிட்டால் ராத்திரி முழுக்கச் சொட்டி இறங்கும். விடிந்ததும் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள். ஈரமுள்ள வரைக்கும் சுலபமாக இறங்கும், அப்புறம் நின்றுவிடும். ஒன்றரை அடி இறங்கினால் சரி. இல்லையென்றால் இன்னொரு தடவை நிரப்புங்கள். செம்மண்ணில் சீக்கிரம் இறங்கும். பல்லடம், சூலூர்ப் பக்கத்துக் கரிசலில் மெதுவாக இறங்கி, நாள்பட நிற்கும், அங்கே இருபது நாளைக்கு ஒருமுறைகூடப் போதும்.

தண்ணீர் எதுவென்பதும் முக்கியம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நம் பக்கம் பல இடங்களில் சவரு. அதையே வருசக்கணக்காக ஊற்றினால் உப்பு மண்ணில் தங்கி, இலை ஓரங்கள் தீய்ந்தது போலக் கருகும். ஆர்.ஓ. மிஷினில் இருந்து வெளியேறும் தண்ணீர் அதைவிட உப்பு. வீணாகப் போகிறதே என்று மரத்துக்குக் குழாய் விடாதீர்கள். கூரைத் தண்ணீரை அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு மழைநீர்க் குழிக்குத் திருப்பினால், ஐப்பசி மழை மண்ணில் தங்கிய உப்பையும் கழுவிக் கீழே கொண்டுபோய்விடும்.

பேவர் பிளாக், சிமெண்டுத் தளம் இரண்டும் வாசல் மரங்களுக்கு வந்த புது வியாதி. சுத்தமாக இருக்கிறது, செருப்பில் மண் ஒட்டுவதில்லை, சரிதான். ஆனால் கீழே மண் இறுகி, காற்றும் தண்ணீரும் உள்ளே போகாமல் மரம் வருசத்துக்கு வருசம் மெலிகிறது. தண்டைச் சுற்றி நாலடியாவது பெயர்த்து எடுங்கள். முடிந்தால் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்து மண்வாசலாக்கிவிடுங்கள். இறுகிய மண்ணில் கடப்பாரையால் நாலடிக்கு ஒரு குழியாக, முழங்கை ஆழத்துக்குக் குத்தி, மட்கிய எருவை நிரப்புங்கள். குத்தும்போது கடப்பாரை வேரில் பட்டால் கை உணரும். உடனே இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூடாக்கு. உதிர்ந்த இலையைக் கூட்டித் தீ வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அது மரம் தனக்காகப் போட்டுக்கொண்ட போர்வை. நாலு விரற்கடை கனத்துக்கு இலையைப் பரப்பி, தண்டில் இருந்து ஒரு சாண் மட்டும் இடைவெளி விடுங்கள். பாம்பு வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குவியலாகப் போட்டால்தான் அந்தப் பயம். பரப்பிப் போட்டு மேலே லேசாக மண் தூவிவிட்டால் கரையானும் மண்புழுவும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கரையான் என்றதும் நினைவுக்கு வருகிறது. தண்டில் கரையான் மண்பூச்சு ஏறியிருந்தால் மரமே போச்சு என்று மருந்துக்கு ஓடாதீர்கள். நம் ஊர் மரங்களில் அது பெரும்பாலும் காய்ந்து உரியும் வெளிப்பட்டையைத்தான் தின்கிறது. துடைப்பத்தால் தட்டிவிட்டு உள்ளே பாருங்கள். பட்டை பசுமையாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

மேற்கே தோண்டாதீர்கள்

பொள்ளாச்சியில் இருந்து உடுமலை போகும் வழியில் தோப்புகளைக் கவனித்தால் தென்னைகள் கிழக்கே சாய்ந்து வளர்ந்திருப்பதைப் பார்க்கலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் வேலை அது; நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் விட்டிருக்கும் வாசல்தான் அந்தக் கணவாய். அந்த வழியாக வரும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. மூன்று மாதம் ஒரே திசையில் இருந்து தள்ளும் காற்றுக்கு மரம் பல வருசமாகத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. மேற்குப் பக்கத்து வேர்கள் கூடாரக் கயிறு போல இழுத்துப் பிடிக்கின்றன, கிழக்குப் பக்கத்து வேர்கள் முட்டுக்கொடுத்துத் தாங்குகின்றன.

புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் செய்யும் காரியம் காம்பவுண்டுச் சுவர், செப்டிக் டேங்க், தொட்டி. ஜேசிபி வந்து மேற்குப் பக்கம் ஒரு வாய்க்கால் இழுத்துவிட்டால் கூடாரத்தின் கயிற்றை அறுத்த மாதிரிதான். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ரெண்டு மூன்று ஆடி கழித்து, இலையெல்லாம் பச்சையாக இருக்கும்போதே மரம் வேரோடு கிழக்கே சாயும். "நல்லாத்தானுங்க இருந்துது, திடீர்னு உழுந்துருச்சு" என்பார்கள். திடீரென்று விழுந்தது இல்லை.

எவ்வளவு தள்ளித் தோண்டலாம் என்பதற்கு ஒரு கணக்கு. நெஞ்சு உயரத்தில் தண்டின் சுற்றளவை டேப்பால் அளந்து, மூன்றால் வகுத்தால் குறுக்களவு வரும். குறுக்களவு ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி. சுற்றளவு ஆறடி என்றால் 72 அங்குலம், குறுக்களவு 24 அங்குலம், ஆகவே 24 அடிக்குள் தோண்டாமல் இருப்பது நல்லது. ரெண்டரை சென்ட் இடத்தில் இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடக்காத இடத்தில் மேற்கை மட்டுமாவது முழுசாக விட்டுவிட்டு, கிழக்கில் பாதித் தூரத்தில் கையால் தோண்டுங்கள். மணிக்கட்டு கனமுள்ள வேர் வந்தால் அதை வெட்டாமல் குழாயை அடியில் நுழைக்கலாம். சுவரானால் அந்த இடத்தில் ஒரு லிண்டல் போட்டு வேருக்கு வழிவிடலாம். கொத்தனார் முணுமுணுப்பார், செய்து கொடுப்பார்.

கிளை வெட்டுவது

இப்போதுதான் அரிவாள். அதிலும் அரிவாள் வேண்டாம், ரம்பம்.

மரம் வெட்டுகிறவர்கள் வந்தால் முதலில் சொல்வது "மொட்டை அடிச்சு உட்ருலாமுங்க, காத்துக்குப் பயமில்ல" என்பதுதான். ஒத்துக்கொள்ளாதீர்கள். மொட்டையடித்த மரம் செத்துப் பிழைக்கிற அவசரத்தில் வெட்டுவாயைச் சுற்றி ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து குச்சிகளை விடும். அவை உள்மரத்தில் இருந்து வந்தவை அல்ல, பட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. அஞ்சு வருசத்தில் கைகனம் ஆகும். அதற்குள் நடுவில் மரம் அழுகியிருக்கும். காற்றுக்குப் பயந்து செய்த வேலையே அடுத்த பயத்தைக் கொண்டுவரும்.

வெட்ட வேண்டியவை மூன்றுதான்: காய்ந்த கிளை, உடைந்து தொங்கும் கிளை, ஒன்றோடொன்று உரசிக் காயமாகும் கிளைகளில் சிறியது. வயதான மரத்தில் பச்சையாக இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வருசத்தில் எடுக்காதீர்கள். இலைதான் அதன் அடுப்பு. வேம்பு, புளிக்கு மாசி நல்ல மாதம்; காற்று வறண்டிருக்கும், காளான் தொற்று குறைவு, வேம்பில் இலை உதிர்ந்து கிளைகளும் தெளிவாகத் தெரியும். மாவுக்கு அறுப்பு முடிந்த பிறகு. மழை மாதங்களில் எதையும் தொடாதீர்கள். வெட்டும் முன் கிளையில் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள்.

போன மாசியில் எங்கள் வீட்டு வேம்பில் சமையற்கட்டு ஓட்டின் மேல் நீண்டிருந்த தொடை கனமுள்ள காய்ந்த கிளையை எடுத்தோம். எங்கள் ஊர் மரமேறும் அண்ணன் முப்பது வருசத்து அனுபவக்காரர். "ஒரே போடாப் போட்டர்றனுங்க, பத்து நிமிசம்" என்றார். "வேண்டாமுங்கண்ணா, மூணு அறுப்பா அறுத்துக் குடுங்க, நேரம் ஆனாலும் சரி" என்றேன். முதல் அறுப்பு தண்டில் இருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம், மூன்றில் ஒரு பங்கு ஆழம். ரெண்டாவது அதற்கும் நாலு விரற்கடை வெளியே, மேலிருந்து. பாதிக்கு மேல் இறங்கும்போதே கிளை முறிந்து கயிற்றில் தொங்கியது. முறிவு கீழே போட்ட அறுப்போடு நின்றது, தண்டின் பட்டை ஒரு நூல்கூடக் கிழியவில்லை. ஒரே போடாகப் போட்டிருந்தால் கிளை போகிற போக்கில் பட்டையை முழம் நீளத்துக்கு உரித்துக்கொண்டு போயிருக்கும். மிச்சம் நின்ற குட்டைக் கட்டையை எடுப்பதுதான் மூன்றாவது அறுப்பு. அதுதான் முக்கியமானது.

கிளை தண்டில் சேரும் இடத்தில் மோதிரம் போட்டது போல ஒரு உப்பல் இருக்கும், தோல் சுருக்கம் விழுந்திருக்கும். அந்த உப்பலுக்கு வெளியே, அதை ஒட்டி அறுக்க வேண்டும். உப்பலையும் சேர்த்துத் தண்டோடு வழித்து அறுத்தால் காயம் மூடாது. தள்ளி அறுத்துக் குட்டைக் கட்டையை நிறுத்திவிட்டால் அது மக்கி உள்ளே இறங்கும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து 1970களில் எடுத்துச்சொன்ன விசயம் இது: நம் உடம்பு மாதிரி மரத்துக்குப் புண் ஆறுவதில்லை. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி அது உள்ளுக்குள் சுவர் கட்டி அடைத்துவிடுகிறது. அந்தச் சுவரின் கடைக்கால் இந்த உப்பலில் இருக்கிறது. அண்ணன் கீழே இறங்கி, அறுத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத்தன வருசம் இதயும் சேத்துத்தானுங்க வழிச்சுட்டிருந்தேன்" என்றார். இப்போது அந்த இடத்தைச் சுற்றி விரல் கனத்துக்குப் புதுப்பட்டை வளையமாகத் திரண்டு வருகிறது.

அறுத்த இடத்தில் பெயிண்ட், தார் பூச வேண்டாம். உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்து அழுகலுக்குத்தான் உதவும். மாவில் பெரிய வெட்டு, அதுவும் ஈர காலம் நெருங்குகிறது என்றால் போர்டோ பசை என்கிற பூஞ்சணத் தடுப்பு மருந்தைப் பூசலாம். மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தனித்தனியாகக் கரைத்துச் சேர்த்து மொத்தம் பத்து லிட்டர். பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள், இரும்பு ஆகாது.

பொந்துக்குள் சிமெண்டு, செங்கல் வைத்துப் பூசுவது பழைய வழக்கம். வேண்டாம். காற்றில் மரம் அசையும், சிமெண்டு அசையாது. இடையில் பிளவு விட்டு அதில் தண்ணீர் இறங்கும். பொந்து உள்ள மரம் எல்லாம் ஆபத்தான மரம் இல்லை. சுற்றிலும் இருக்கும் நல்ல மரத்தின் கனம், தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் குழாய் போல உறுதியாகவே நிற்கும். பொந்தில் ஆந்தையோ கிளியோ குடியிருந்தால் அவை இருக்கட்டும்.

மின்கம்பி பக்கம் போகும் கிளையை நீங்களும் வெட்டாதீர்கள், கூலிக்கு ஆள் வைத்தும் வெட்டாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி, லைனை நிறுத்திய பிறகுதான். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும்.

மரத்துக்கு மரம்

வேம்பு: சில வருசங்களாக மார்கழி, தையில் வேப்பமரங்களின் கொழுந்து நெருப்புப் பட்டது போலக் கருகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு என்கிற பூச்சி கொழுந்தில் சாறு உறிஞ்சுவதும், நுனியில் இருந்து காயவைக்கும் ஒரு பூஞ்சணமும் இதற்குக் காரணம். பார்க்கப் பயமாக இருக்கும். பெரிய மரங்கள் பெரும்பாலும் பங்குனி வெயிலில் தாமாகவே துளிர்த்துவிடும். நாற்பதடி மரத்துக்கு மருந்தடித்து வீட்டுக்குள் நச்சைக் கொண்டுவர வேண்டாம். அந்தக் கோடையில் தண்ணீரை மட்டும் தவறவிடாதீர்கள்.

மா: தண்டின் அடியில் மரத்தூள் உதிர்ந்து கிடந்தால் மேலே துளை தேடுங்கள். தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. சைக்கிள் கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுப் புழுவை இழுத்து எடுத்துவிட்டு, களிமண்ணால் துளையை அடைத்துவிடுங்கள். கிளையில் மாவிலை அல்லாத வேறு இலை கொத்தாகப் பச்சையாக நின்றால் அது புல்லுருவி. சின்னக் குருவிகள் அதன் பழத்தைத் தின்று பிசுபிசுப்பான விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிடும். இலையை மட்டும் ஒடித்தால் மறுபடி வரும். பிடித்திருக்கும் இடத்துக்கு ஒரு அடி உள்பக்கம் கிளையோடு எடுக்க வேண்டும், அதுவும் பழுப்பதற்குள்.

தென்னை: இதற்கு மட்டும் எழுத நிறைய இருக்கிறது. வீட்டுத் தென்னை காய்ப்புக் குறைந்து, உச்சித் தண்டு பென்சில் முனை போல ஒடுங்குகிறது என்றால் அது பசி. வளர்ந்த மரத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு வருசத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. ரசாயன உரத்தை ஆனி, ஆடியிலும் மார்கழி, தையிலும் ரெண்டாகப் பிரித்து, தண்டில் இருந்து ஆறடி ஆரத்துக்குள் இட்டு, மண்ணை மூடித் தண்ணீர் விட வேண்டும். தென்னை டானிக் என்கிற சத்துக் கரைசலை வேர் வழியாகக் கொடுக்கலாம். தண்டில் இருந்து மூன்றடி தள்ளி மண்ணைப் பறித்தால் பென்சில் கனத்தில் வேர்கள் வரும். காய்ந்த பழுப்பு வேரை விட்டுவிட்டு, வெளிர் நிறத்தில் உயிரோடிருக்கும் வேர் ஒன்றைத் தேர்ந்து, நுனியைக் கத்தியால் சாய்வாகச் சீவி, 200 மில்லி டானிக் உள்ள பாலித்தீன் பைக்குள் நுனி அடிவரைக்கும் தொடும்படி விட்டுக் கட்டுங்கள். நல்ல வேர் என்றால் மறுநாள் பை காலியாக இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

குருத்தோலை விரியும்போது கத்தரியால் வெட்டியது போல முக்கோணமாக நறுக்குப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு. உள்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் மூன்று அந்துருண்டையை வைத்து மணலால் மூடச் சொல்லுங்கள், 45 நாளைக்கு ஒருமுறை. வீட்டுக் குப்பைமேட்டில் எருக்குழி இருந்தால் அதைக் கிளறி வெள்ளைப் புழுக்களைக் கோழிக்குப் போடுங்கள்; வண்டு அங்கேதான் பிறக்கிறது. தண்டில் பழுப்பு நீர் வடிந்து, காதை வைத்தால் உள்ளே நறநறவென்று கேட்டால் சிவப்புக் கூன்வண்டு. அது காயம்பட்ட மரத்தைத் தேடி வரும். அதனால்தான் ஏறுவதற்குத் தண்டில் படி வெட்டக் கூடாது, பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட அறுக்கக் கூடாது. அறுத்தே ஆக வேண்டும் என்றால் நாலடி விட்டு அறுங்கள்.

இலை அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக முட்டை, கீழே விழும் தேன் போன்ற பிசுக்கில் எல்லாம் கருப்பு பூத்துக் காரின் மேல்கூட ஒட்டுகிறது என்றால் அது 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ. மருந்தடித்தால் அதைத் தின்னும் என்கார்சியா குளவிதான் முதலில் சாகும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். கருப்புப் படலத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிய கஞ்சி தெளித்தால் காய்ந்து செதிலாக உரிந்துவிடும்.

புளி, புங்கன், வெள்வேல் மூன்றும் நம் மண்ணின் கெட்டிக்கார மரங்கள். காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மழையே இல்லாத வருசத்திலும் வெள்வேல் பச்சையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கால் மூடாமல், மேற்கே தோண்டாமல் இருந்தாலே போதும். முருங்கை, வாதநாராயணன், செம்மயிற்கொன்றை முறியக் கூடியவை. அவற்றின் அடியில் கட்டிலும் வண்டியும் வேண்டாம்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால்

அடியில் காளானும் மேலே காய்ந்த கிளைகளும் சேர்ந்து, கீழே ஆள் படுக்கும் இடமும் இருந்தால் பாசம் பார்க்க முடியாது. மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிக் கேளுங்கள். தகர டப்பா சத்தம் பாதிச் சுற்றுக்கு மேல் கேட்டால் முடிவெடுக்கும் நேரம். சந்தேகம் இருந்தால் கோவையில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி இருக்கிறது, தென்னைக்கு ஆழியார் நகரில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இலையும் பட்டையும் படமும் கொண்டுபோய்க் கேளுங்கள். காம்பவுண்டுக்கு வெளியே ரோட்டோரம் நிற்பது உங்கள் மரம் இல்லை. பொது இடத்து மரத்தை எடுப்பதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். சந்தன மரம் உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது.

அடுத்த மரத்தைப் பழைய மரம் நிற்கும்போதே நட்டுவிடுங்கள். புரட்டாசிக் கடைசியில், ஆடிக்காற்று ஓய்ந்து ஐப்பசி மழைக்கு முன்னால். பழைய மரத்தின் மத்தியான நிழலுக்கு வெளியே, அதன் கிழக்குப் பக்கமாக வைத்தால் முதல் நாலைந்து ஆடிக்கும் பெரிய மரமே காற்றைத் தடுத்துக் கொடுக்கும். குழி ரெண்டடி. நடும்போது கன்றின் கால் மண்ணுக்கு மேலே தெரியட்டும்.